கந்தல் கட்டிய தூக்குச்சட்டிகள்

ஓட்டல் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் என்னைத் தேடி வந்தார். பேட்டையில் கடை பிடித்திருக்கிறாராம். "ஐயா, இந்த ஊர்ல தமிழன், தெலுங்கன், கன்னடக்காரன், சாயபு, வேதக்காரன்னு அத்தினி பேரும் கீறாங்க. எல்லாரையும் எப்டி சமாளிச்சீங்க?" என்று கேட்டார். சமாளிக்கவில்லை என்றேன். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். அவருக்கும் அவரைப் போல இனி வரப்போகிறவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். சமையல் குறிப்பு எதுவும் இதில் கிடைக்காது. களிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் வேறு தொழில் பாருங்கள்.

பெங்களூரிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள் நம் ஊர்ச் சோற்றுக்கடைகளைப் பார்த்து வாய் ஓயாமல் புகழ்வார்கள். ஒரு தெருவில் நடந்தாலே பாதி தேசத்தைச் சுற்றி வந்தாற்போல இருக்கிறதாம். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு இதைச் சொல்லிவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். அந்தப் பாதி தேசத்துக்கும் வேளாவேளைக்குச் சோறு போடுகிறவன் படும் பாடு அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் நான் கடை போட்டேன். தங்கச் சுரங்கக் கம்பெனிக்காரர்களின் நிலத்தில், ஆட்கள் பூமிக்குள் இறங்குகிற ஷாஃப்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு தகரக் கொட்டகை. குடியாத்தம், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள், சித்தூர், பலமநேரியிலிருந்து வந்த தெலுங்கர்கள், பேத்தமங்களாவிலிருந்து வந்த உள்ளூர்க்காரர்கள், ஆம்பூர் சாயபுமார்கள், கோயிலில் மணி அடித்தால் சிலுவை போடுகிற வேதக்காரர்கள் என்று எல்லாரும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். பொங்கிப் போட ஆள் கிடையாது. ஆகவே என்னிடம் வந்தார்கள்.

வந்தவர்கள் வெறும் வயிற்றோடு மட்டும் வரவில்லை, விரதங்களோடு வந்தார்கள். திங்கட்கிழமை ஒருவன் வெங்காயம் தொடமாட்டான். வெள்ளிக்கிழமை வேதக்காரர்களுக்குக் கறி ஆகாது. சனிக்கிழமை தெலுங்கர்களுக்குப் பெருமாள் வந்துவிடுவார். புரட்டாசியில் ஒரு கூட்டம், கார்த்திகையில் இன்னொரு கூட்டம், நோன்பு மாதம் வந்தால் சாயபுமார்கள் விடியுமுன் வந்து கதவைத் தட்டுவார்கள். எல்லாரும் ஒரே மனதாக எல்லாவற்றையும் தின்ற ஒரு நாள்கூட என் கடையில் வந்ததில்லை. சுரங்க வேலையை மேற்பார்க்கிற கேப்டன் துரை ஒரு முறை தன் ஊர் நினைப்பு வந்து, மாவுக்குள் கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்டுத் தரச் சொன்னார். என் கடையில் கறி சமைக்கிற காதர் பாய் செய்து கொடுத்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, கறிவேப்பிலைதான் கூடாது என்று துரை அந்த இலைகளை மட்டும் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்துத் திருப்பி அனுப்பினார். வெள்ளைக்காரனுக்கும் ஒரு விரதம் இருந்தது என்று வைத்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் ஈடுகொடுக்க மூன்று அடுப்பு வைத்திருந்தேன். முதல் அடுப்பு ரங்கம்மாவுடையது. சித்தூர்ப் பக்கத்து விதவை, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டிய பொறுப்பு. புளிச்சகீரையும் பருப்பும் சேர்த்து அவள் கடைந்தால் தெரு முனையில் நடப்பவன் நின்றுவிடுவான். இரண்டாவது காதர் பாயுடைய அடுப்பு. ஆட்டுக்கறி, அதுவும் முறைப்படி அறுத்தது. மூன்றாவது அடுப்பு கொட்டகைக்கு வெளியே, புங்கமரத்தடியில். அங்கே ஞானம்மா கருவாட்டுக் குழம்பு வைப்பாள். சேரிகளிலிருந்து வந்தவர்கள் அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சுரங்கத்தில் பாதிப் பேருக்கு மேல் அவர்கள்தான். அவர்களை உள்ளே உட்காரவைத்தால் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆகவே யாரும் வாயைத் திறந்து பேசியதில்லை. சுத்தம், தீட்டு என்று வாயைத் திறந்து பேசியதெல்லாம் ஒரே ஆள்தான். அவர் பெயர் முனிவெங்கடப்பா.

முனிவெங்கடப்பா சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கும் கும்பலுக்கு மேஸ்திரி. பேத்தமங்களாக்காரர், வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். நல்ல மனிதர், ஆனால் சுத்தம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. உட்காரும் பலகையை அவர் கண்ணெதிரே கழுவ வேண்டும். அவர் இலையில் பரிமாறும் கரண்டி வேறு எந்தச் சட்டிக்குள்ளும் போயிருக்கக் கூடாது. பாய் அடுப்பில் தாளிக்கிற சத்தம் கேட்டால் மேல்துண்டை மூக்கில் வைத்துக்கொள்வார். அவர் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தால் பின்னால் ஒரு வரிசையே எழுந்துவிடும்.

காலை ஷிப்டில் இறங்கியவர்களுக்கு மதியச் சோறு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் வைத்து உள்ளே இறக்கப்படும். அதற்காக ஒரே மாதிரியான தூக்குச்சட்டிகள் வாங்கி வைத்திருந்தேன். எது யாருக்கு என்று தெரிய, பிடியில் கந்தல் துணி கட்டுவோம். ரங்கம்மா சட்டிக்கு வெள்ளை, பாய் சட்டிக்குப் பச்சை, ஞானம்மா சட்டிக்குச் சிவப்பு. மேலே காவடித் தண்டில்கூட மூன்றும் தனித்தனியாகத்தான் தொங்கும். கீழே அவரவர் நிறத்தைப் பார்த்து அவரவர் எடுத்துக்கொள்வார்கள். மூடியை வேறு கை திறந்துவிட்டால் அந்தச் சட்டி தீட்டு, அப்புறம் அதை யாரும் தொடமாட்டார்கள்.

இது விளையாட்டுக் காரியம் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு முன்னால் ஷாஃப்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் கடை வைத்திருந்தார். ஒரு நாள் சட்டி மாறி, சனிக்கிழமை விரதக்காரன் ஒருவன் கையில் எலும்பு வந்துவிட்டது. மேலே ஏறி வந்ததும் அடிதடி, ஒருவனுக்கு மண்டை உடைந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் அவர் கொட்டகையைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். கேப்டன் துரை என்னைக் கூப்பிட்டு, பேச்சை மொழிபெயர்க்க ஒரு ஆளை வைத்துக்கொண்டு, சோற்றால் ஷாஃப்டு வாசலில் இன்னொரு சண்டை வந்தால் உன் கூரையும் இருக்காது என்றார். கூரை போனால் எனக்கு ஊரில் கொஞ்சம் நிலமாவது இருந்தது. ரங்கம்மாவுக்கும் பாய்க்கும் ஞானம்மாவுக்கும் அந்த மூன்று அடுப்புகளை விட்டால் வேறு எதுவும் இல்லை.

பிளேக் பயம் இருந்த காலம் அது. ஒரு நாள் முற்பகலில், சட்டிகளில் சோறும் குழம்பும் ஊற்றி மூடிக் கந்தல் கட்டி முடித்த நேரத்தில், சுகாதார இன்ஸ்பெக்டர் பியூன்களோடு வந்து இறங்கினார். படித்த மனிதர், வெள்ளைச் சட்டை. நான் ஷாஃப்டு வாசலுக்குக் காவடி ஆள் ஏற்பாடு செய்யப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொட்டகைக்குள் சுண்ணாம்பு தெளித்திருந்தார்கள். சட்டிகள் அத்தனையும் வெளியே வெயிலில், பட்டாளம் நிற்பதுபோல வரிசையாக நின்றன. ஒன்றில்கூடக் கந்தல் இல்லை. ஞானம்மாவின் அடுப்பிலிருந்து துணி கருகும் நாற்றம் வந்தது.

"என்னய்யா இது, சாப்பாட்டுப் பாத்திரத்தில் அழுக்குத் துணி? இதிலேதான் வியாதி ஒட்டிக்கொண்டு வருகிறது. எல்லாவற்றையும் கொளுத்திவிட்டேன். இனிமேல் பார், உன் கடை எப்படி இருக்கிறது" என்றார் இன்ஸ்பெக்டர்.

உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. எது யாருடையது என்று ஆண்டவனுக்குக்கூடத் தெரியாது, அவ்வளவுதான்.

அவரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. தம்பிகளே, இதை மட்டும் மனதில் வையுங்கள். அதிகாரத்தோடு வருகிறவர் நல்ல எண்ணத்தோடும் வந்துவிட்டால் அவரைத் தடுக்க யாராலும் முடியாது. கும்பிடு போட்டு அனுப்பிவிட்டு மிச்சத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

மிச்சம் என்னவென்றால், கேஜ் இறங்க ஒரு மணி நேரம்கூட இல்லை.

"நான் மோந்து பாத்து சொல்லிடுவேன் மொதலாளி, என் சட்டிய எனக்கு தெரியாதா" என்றார் காதர் பாய்.

"ந்தா, கிட்ட போவாத" என்று ரங்கம்மா குறுக்கே வந்து நின்றாள். "உன் மூக்கு என் சட்டி மேல பட்டா அத எவன் துன்னுவான்? நான் பாத்து எடுக்கறேன்."

"நீ தொட்டா எங்க ஆளுங்க மட்டும் துன்னுவாங்களா?" என்றார் பாய்.

"எங்க சட்டிய யாரு வேணா தொடலாம், அது ஒண்ணு கீது எங்களுக்கு" என்றாள் ஞானம்மா, அடுப்பைக் குத்திவிட்டபடி. அவள் சொன்னது யாருக்கும் உதவவில்லை.

குத்துமதிப்பாகப் பிரித்து அனுப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பத்துச் சட்டி சரியாகப் போய் ஒன்று தவறினாலும் முனிவெங்கடப்பாவின் கையில் எலும்பு வந்துவிடும். சோறே அனுப்பாமல் விடலாமா என்றால், காலையிலிருந்து மரம் தூக்கியவன் பட்டினியோடு மேலே வந்து என்ன செய்வான் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டில் எது நடந்தாலும் கூரை போய்விடும்.

முடிவு செய்துவிட்டேன். சட்டி ஒன்றுகூடப் போகாது. எல்லாருக்கும் கேழ்வரகுக் களி, கூடவே புளிச்சகீரைத் துவையல். தமிழனும் தெலுங்கனும் கன்னடக்காரனும் சாயபும் வேதக்காரனும் இந்தச் சீமையில் விரதம் இல்லாமல் தின்னுகிற பண்டம் அது ஒன்றுதான். பாத்திரம் வேண்டாம், முத்துக இலை என்கிற புரச இலையில் பொட்டலமாகக் கட்டிவிடலாம். புது இலைக்குத் தீட்டு இல்லை. கிளறுவது யார் என்று மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். நானே கிளறுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

பெரிய அண்டாவில் களி கிளறியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். துடுப்பு அசையமாட்டேன் என்கிறது, புகை கண்ணைக் குத்துகிறது, பக்கத்தில் நின்று ரங்கம்மா, "கட்டி தட்டுது பாருங்க, கட்டி தட்டுது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கட்டி தட்டத்தான் செய்தது. அதையும் உருட்டினேன். ஞானம்மா இலை தைத்தாள், பாய் நார் கிழித்தார், ரங்கம்மா துவையலை அரைத்தாள். மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தது அன்றைக்குத்தான். அதைக் கவனிக்க எனக்கு நேரம் இல்லை. கேஜ் இறங்குகிற நேரத்துக்குப் பொட்டலங்கள் ஷாஃப்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன.

வெயிலில் நின்ற சட்டிகளை இனி யார் தொட்டால் என்ன என்று விட்டுவிட்டோம். சுண்ணாம்பு வாளியை எடுத்துப்போக வந்த பியூன்கள் திறந்து பார்த்து, அங்கேயே உட்கார்ந்து தின்றார்கள். எந்தச் சட்டியில் எது, யார் கை பட்டது என்று அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அதன் பிறகு பொழுது சாயும்வரை நான் இருந்த இருப்பை என்னவென்று சொல்ல. கீழே என்ன நடக்கிறது என்று தெரிய வழியில்லை. யாராவது ஓடிவந்தால் செய்தி கொண்டுவருகிறான் என்று எழுந்திருப்பேன், அவன் வெற்றிலை கேட்பான். ரங்கம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து மூத்த பெண்ணின் பெயரைச் சொல்லிப் புலம்பினாள். பாய் தொழுதுவிட்டு வந்து கத்தியைத் தீட்டினார். கறி அறுக்கத்தான் என்றாலும், அந்த நேரத்தில் தீட்ட வேண்டாம் என்று கெஞ்சினேன்.

சங்கு ஊதியது. ஷிப்டு மேலே வந்தது. வழக்கமாகக் குளித்துவிட்டுத் தனித்தனியாக வருகிறவர்கள் அன்று அழுக்கோடு மொத்தமாக வந்தார்கள். முன்னால் முனிவெங்கடப்பா. அவருக்குப் பின்னால் மரத்தடிக்காரர்கள், சாயபுமார்கள், வேதக்காரர்கள் எல்லாரும் கலந்து நின்றார்கள். அப்படிக் கலந்து நிற்பதைப் பார்த்ததும் என் கூரை போய்விட்டது என்றே முடிவு கட்டினேன்.

"இன்னா மொதலாளி இது?" என்றார் முனிவெங்கடப்பா. "அத்தினி பேருக்கும் ஒரே களியா?"

நான் கையைக் கூப்பினேன். இன்ஸ்பெக்டர் வந்தது, கந்தலைக் கொளுத்தியது, சட்டி கலந்தது எல்லாம் சொன்னேன். "உங்க சுத்தம் கெட்டுடக் கூடாதுன்னுதான் மேஸ்திரி, நானே என் கையால..."

"சுத்தத்த இப்ப யாரு கேட்டது?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மரத்தடி ஆளான சூசை என்கிறவன் முன்னால் வந்தான். முனிவெங்கடப்பாவின் கும்பலில் மரம் சுமப்பவன்.

"எல்லாருக்கும் ஒண்ணே அனுப்சா எத மாத்திக்கிறது மொதலாளி?" என்றான் சூசை. "மேஸ்திரிக்கு பாய் கறின்னா உசுரு. பாய் ஆளுங்க எங்க கருவாட்டு கொழம்புக்கு அடிச்சிக்கிறாங்க. எனக்கு கருவாடு துன்னு துன்னு அலுத்துப்போச்சி, நான் அந்தம்மா கடையிற பருப்புதான் துன்றது. இன்னிக்கு எவன் பொட்டலத்த தெறந்தாலும் களி. எவங்கிட்ட போயி இன்னா கேக்கறது?"

நான் முனிவெங்கடப்பாவைப் பார்த்தேன். அவர் வெட்கப்படவில்லை. "உள்ள எறங்கிட்டா மெழுகுவத்தி வெளிச்சம்தானே அண்ணா" என்றார். "தலைக்கு மேல கல்லு நிக்குது. அங்க எவன் வரிச பாக்கறான்."

"எத்தனை நாளா?" என்றேன்.

"நீங்க கட போட்டதுலேர்ந்து" என்றான் சூசை.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன். மூன்று அடுப்பு, மூன்று கரண்டி, மூன்று நிறக் கந்தல். கண்ணெதிரே கழுவிய பலகை. பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிடச் சொல்லி ஆட்களோடு நான் போட்ட சண்டை. அன்று முழுதும் நான் பயந்த பயம். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். மேலே இதைச் சொல்ல முடியுமா என்று அவர்கள் என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

"சரி, அப்போ இனிமேல் கந்தல் வேண்டாம்" என்றேன். "எப்படியும் மாத்தித்தானே தின்னப்போறீங்க."

கூட்டம் மொத்தமும் வேண்டாம் வேண்டாம் என்றது. "கந்தல் இல்லாங்காட்டி பாய் சட்டி எதுன்னு எப்டிண்ணா கண்டுபுடிக்கிறது?" என்றார் முனிவெங்கடப்பா. "நாளைக்கே கட்டிடுங்க. பச்ச நல்லா பளிச்சினு தெரியட்டும்."

ரங்கம்மா இதையெல்லாம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் அல்லது துடைப்பத்தை எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சூசையைப் பார்த்து, "நான் கடஞ்சதயா நீ துன்ற?" என்றாள்.

"ஆமாம்மா."

"எப்டி இருந்துச்சி?"

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றான் அவன், தரையைப் பார்த்து.

இத்தனை நாளில் என் வாடிக்கைக்காரர் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அவள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். மறுநாள் பருப்பில் உப்பு சரியாக இருந்தது.

மறுநாள் நான் புதுத் துணி கிழித்துக் கந்தல் கட்டினேன். அழுக்கில்லாத துணி என்பதால் இன்ஸ்பெக்டருக்கும் திருப்தி. சட்டிகள் பழையபடி ஒரு சாண் இடைவெளியில் தொங்கி ஷாஃப்டுக்குப் போயின. கேப்டன் துரை காதுக்கு எதுவும் எட்டவில்லை, கூரை பிழைத்தது. இனி மேலேயும் கொஞ்சம் தளர்ந்துவிடுவார்கள், ஒரு அடுப்பையாவது குறைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. தம்பிகளே, அந்த நப்பாசை உங்களுக்கும் வரும். ஒரு ஊரை அதன் சோற்றைப் பார்த்துத் தெரிந்துகொண்டுவிட்டோம் என்று நினைப்பீர்கள். அவர்கள் எங்கே உட்கார்ந்து தின்கிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனிவெங்கடப்பா கடைக்குச் சாப்பிட வந்தார். பலகையைக் கண்ணெதிரே கழுவச் சொன்னார். கழுவினேன். இலையில் சோறு விழுந்த நேரம் பாய் அடுப்பில் கறி தாளிக்கிற சத்தம் கேட்டது. மேல்துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"அண்ணா, அந்தப் பக்கத்து வாசன இந்தப் பக்கம் வருது. துன்ன முடியல. நடுவுல ஒரு தட்டி கட்டிடுங்க" என்றார்.

கேலி செய்கிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னார். மரத்தடியில் உட்கார்ந்திருந்த சூசை தலை நிமிரவில்லை.

மூங்கில் வாங்கி வந்து தட்டி கட்டினேன். நிமிர்த்தி நிறுத்தும்போது கனத்தது. ஒரு பக்கத்தை முனிவெங்கடப்பா எழுந்து வந்து பிடித்துக்கொண்டார். மறுபக்கத்தை காதர் பாய் பிடித்துக்கொண்டார். கோணலாக நிற்கிறது, இன்னும் கொஞ்சம் தூக்கு என்று இருவரும் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லி, அதை நேராக நிறுத்திவிட்டு அவரவர் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.